அறுபத்தைந்து கிலோ அருள்பிரகாசம்

"தம் கட்டுய்யா, வுடாத, வுடாத!" என்று ஃப்ளோரன்ஸ் கத்துகிறாள். தையல் மிஷினில் தொங்கும் டேப்பை எடுத்துக் கணவர் அருள்பிரகாசத்தின் மார்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறாள். ராயபுரத்தில் அந்த வீட்டில் காலைக் காபிக்கு முன்னால் தினமும் நடக்கும் காரியம் இது. "முப்பத்தி நாலு!" என்றதும் அவர் புஸ்ஸென்று மூச்சை விடுகிறார். தீயணைப்பு வேலைக்கு மூச்சடக்கினால் முப்பத்து நான்கு அங்குலம் வேண்டும். ஒன்பது வருஷமாக அவரிடம் அது இருக்கிறது.

தண்டையார்பேட்டையில் ஓர் எண்ணெய்க் கிடங்கு. அதன் தீயணைப்புப் பிரிவில் அவர் தினக்கூலி. தீயணைக்கும் கித்தான் குழாய்களைக் கழுவி, அதற்கென்று இருக்கும் இரும்புக் கோபுரத்தில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். இன்னொரு வேலையும் உண்டு, அதற்கு உத்தரவுக் காகிதம் கிடையாது. ஆள் எடுக்கும் நாளில், மனு போட்டவர்கள் மயங்கிக் கிடக்கும் ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷத்தில் நூறு கஜம் ஓட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் இவர்தான். கிடங்குத் தராசில் ஏறினால் கச்சிதமாக அறுபத்தைந்து கிலோ; விதியில் கேட்டிருக்கும் அதே எடை.

"மயங்கிக் கெடக்கிறதுன்னா சும்மாவா நைனா?" என்பார் என்னிடம். "வெறப்பா கெடந்தா தூக்குறவனுக்கு ஈஸியா பூடும். நெருப்புல மாட்னவன் வெறப்பாவா கெடப்பான்? கைய, கால, தலய தொங்க வுட்ரணும்." இன்று அங்கே நிரந்தரமாக இருக்கும் பதினோரு வீரர்களும் இவரைத் தூக்கித்தான் வேலைக்குள் நுழைந்தார்கள். யார் எண்பதாவது கஜத்தில் தள்ளாடினார் என்பதுகூட இவருக்கு ஞாபகம் இருக்கிறது. "ஜேக்கப்பு தோளு கீதே, பேஜாரு. ரெண்டு நாளு வவுறு வலி."

அவருக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான். அதே கிடங்கில் குமாஸ்தா. ஐந்து முறை எழுதினேன், ஐந்தும் திரும்பி வந்தன. எஸ்.எஸ்.எல்.சி. வேண்டுமாம், இவர் எட்டாவது. அறுபத்தொன்பதாம் வருஷம் கிடங்கில் தீப்பிடித்தபோது, காவல்காரர் காஜா மொய்தீனைப் புகைக்குள்ளிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தது இந்த எட்டாவதுதான். அதை மனுவில் எந்தக் கட்டத்தில் எழுதித் தொலைப்பது?

இந்த முறை விளம்பரத்தில் எட்டாவது போதும் என்று போட்டிருந்தார்கள். ஆனால் வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. இவர் அடுத்த மாதம் தாண்டுகிறார். இதை விட்டால் சாகும்வரை குழாய் காயப்போட வேண்டியதுதான். ஃப்ளோரன்ஸ் தேர்வுக்கென்று வெள்ளையில் புதுச் சட்டை தைத்தாள்.

போன சனிக்கிழமை தேர்வு. பேர் குறித்துக்கொள்ள நானும் அங்கே இருந்தேன். வரிசையில் பதினேழாவதாக நின்றவரை அதிகாரி விரல் சொடுக்கிக் கூப்பிட்டார். "அருளு, நீ வந்து படு. உன் முறை அப்புறம்." இவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கரித்தூள் தரையில் படுத்தார். பதினாறு பேர் தூக்கினார்கள். இரண்டு பேர் கீழே போட்டார்கள். போட்டிக்கு வந்தவர்கள்தானே என்று ஒருவருக்கும் இவர் கூடுதல் பாரம் கொடுக்கவில்லை.

எழுந்து, முதுகைத் துடைத்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, "சார், இப்ப என் டர்னு" என்றார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உனக்கு யாருப்பா படுக்கறது? அறுபத்தஞ்சு கிலோல வேற ஆள் இல்லையே. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த தடவை ஏது இந்த மனுஷனுக்கு?

அருள்பிரகாசம் நகரவில்லை. "வெயிட்டு கொறஞ்சாதான சார் தப்பு? ஜாஸ்தியா இருந்தா?"

"ஜாஸ்தின்னா பரவாயில்லை" என்றார் அதிகாரி, யோசிக்காமல்.

"அப்ப நீ எத்தினி கிலோ சார்?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி எண்பத்தைந்துக்குக் குறைய மாட்டார். இஸ்திரி போட்ட வெள்ளை உடுப்பு வேறு. முகம் சிவந்துவிட்டது. "என்ன பேசறே? இருக்கற கூலி வேலையும் வேணாமா?"

"வாணாம் சார். ஒம்போது வருசம் நா படுத்தேன். இன்னிக்கு ஒரு நாளு நீ படு."

சொல்லிவிட்டு அந்தப் புதுச் சட்டையைக் கழற்றினார். அதிகாரியின் உடுப்பில் கரி படாதபடி அதைத் தரையில் விரித்தார். பக்கத்தில் ஒரு முட்டியை ஊன்றி, தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.