கொல்லிமலை லாக்கப்பில் ஒரு போட்டோ

போன வாரம் ஜெயிலுக்குப் போய் வந்தேன். பயப்படாதீர்கள். சத்தியாக்கிரகம் நடக்கிற இந்த நாளில் ஜெயிலுக்குப் போவது கௌரவமான விஷயம்தான்... ஆனால் நான் போனது வேடிக்கை பார்க்க!

யுத்தகாலப் பெட்ரோல் ரேஷனில் ஊட்டி ஏது, கோடைக்கானல் ஏது? நண்பரான வக்கீல் ஒருவர் கொல்லிமலைக்கு அழைத்தார். அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து நடைதான். ஏறி முடித்தபோது முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு 'நாடு'; அப்படி அரியூர் நாட்டில் ஒரு பழைய கல் லாக்கப் இருக்கிறது. சர்க்கார் காட்டை வெட்டிச் சாமை விதைத்த மலைக்காரர்களை ஒரு காலத்தில் அங்கே அடைத்து வைப்பார்களாம். இப்போது கைதிகள் இல்லை. மலைக்கு வரும் துரைமாரும் நம்மைப் போன்றவர்களும் பார்ப்பதற்காக வெள்ளையடித்து, வாசலில் ரோஜாச் செடிகூட வைத்திருக்கிறார்கள்!

பூட்டைத் திறந்துவிட்டவள் பாப்பாயி என்ற மலைக்காரப் பெண். ஐம்பது வயதிருக்கும். வாசலுக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டிக் காட்டினாள்.

"அது காலக் கட்டற வளையமுங்க... அந்த ஓட்டைதான் ஜன்னலுங்க."

உள்ளே நான்கு பேர் காலை நீட்டிப் படுக்க முடியாது. ஈரம். எத்தனை வெள்ளையடித்தும் போகாத ஒரு வாடை.

வக்கீலிடம் புதுக் கேமரா. "இந்தாம்மா, நீ உள்ளே போய் அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு நில்லு. கைதி மாதிரி... ஒரு போட்டோ எடுக்கிறேன்."

அவள் அசையவில்லை.

"ஒரு நிமிஷம்தானம்மா!"

"நா உள்ள இருந்தவ இல்லீங்க சாமி. வெளிய நின்னவ."

வக்கீல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "யாருக்காக நின்றாய் அம்மா?" என்று கேட்டேன்.

"எம் புருசனுக்குங்க. திருப்புலி நாட்டுல எங்க ஊடு. தெனமும் சாமச்சோறு ஆக்கி எடுத்துக்கிட்டு வருவேன். உள்ள உட மாட்டாங்க. இதா, இந்த எடத்துலதான் நிப்பேன். அந்த ஓட்டையில கைய மட்டும் நீட்டுவாரு."

"அப்புறம்?"

"ஒரு நாளு கை வரலீங்க. கீழ பெரிய ஜெயிலுக்குக் கொண்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. சோத்த வெச்சுக்கிட்டு பொழுது சாயற வரைக்கும் நின்னனுங்க. காச்சல்ல போயிட்டாருன்னு மூணு மாசங் கழிச்சுத்தான் சேதி வந்துச்சு. மூஞ்சியக்கூடப் பாக்கலீங்க."

பிறகு ஏன் இங்கேயே வேலைக்கு வந்தாய்? கேள்வி என் வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவளே சொன்னாள்:

"வேற எங்க போயி நிக்கறதுங்க?"

வக்கீல் கேமராவை மூடிவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. அவரோ அதை என் கையில் கொடுத்துவிட்டு, தாமே உள்ளே போய் வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். நான் என்ன செய்தேன்?

எடுத்தேன். நண்பர் ஆயிற்றே! பாப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிளம்பும்போது பார்வையாளர் புத்தகத்தை நீட்டினாள். 'அவசியம் பார்க்க வேண்டிய இடம். காற்றோட்டம் சுமார்' என்று எழுதினார் வக்கீல். நான் பேனாவை வாங்கினேன்... கையெழுத்துக்கூடப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

ஜெயில் பார்க்கப் போகிற நாம் எல்லோரும் உள்ளேதான் எட்டிப் பார்க்கிறோம். தண்டனை அனுபவித்தவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே நின்றிருக்கிறார்கள்.