அத்தையின் முதுகும் நாலு ஷாக் அப்சார்பரும்

பல்லிடுக்கில் மணல். மூக்கில் சூடான ரப்பர் வாசனை. கார் வந்த வழியையே பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தது...

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருந்த ரேஸ் டிராக்கில் புதியவர்களுக்கான தகுதிச் சுற்று. எங்கள் வெள்ளைக் கார் மூன்றாவது வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் ஆடி, அப்படியே சுழன்று மணலில் போய் உட்கார்ந்தது.

ஓட்டியவள் நான். சின்ன காஞ்சிபுரத்தில் கணக்கு டீச்சர். ஸ்டியரிங் பிடிக்கப் பழகியது தாமல் ஏரிக்கரையில், அப்பாவின் டிராக்டரில்.

காரை இழுத்து வந்து விட்ட பிறகு, பக்கத்து ஷெட்டில் கார் நிறுத்தியிருந்த போட்டியாளர் ஒருவர் கேட்டார். "ஏம்மா, வீட்டுக்காரர் ஓட்ட மாட்டாரா?"

என் கணவர் சேகர் ஸ்பானரோடு அங்கேதான் நின்றிருந்தார். "என்னைவிட அவ நல்லா ஓட்டுவா சார்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த சுற்றுக்கு ஆறு வாரம் இருந்தது. அதிலும் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அந்த வருடம் அவ்வளவுதான்.

தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே. "ஷாக் அப்சார்பர் தொளதொளன்னு இருக்குது. கல்லு மாதிரி ஒண்ணு போடு." சேகரின் நண்பர் ஒருவர் தன்னிடம் இருந்த ரேஸ் ஷாக்குகளை இரவல் கொடுத்தார். மாட்டினோம். ரோட்டில் இருந்த சின்னக் குழிகூட சீட்டில் வந்து இடித்தது.

ஆனால் எங்களுக்கு இருந்தது அந்த ஒரே கார். ஸ்கூலுக்கும் அதுதான், கடைக்கும் அதுதான். முதுகில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமே ஆன என் மாமியாரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அதில்தான்.

அந்த வாரம் அத்தை பின்சீட்டில் வாயே திறக்கவில்லை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை பேசிக்கொண்டே வருகிறவர்! சுங்குவார்சத்திரம் தாண்டி கண்ணாடியில் பார்த்தேன். கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண் நிறைந்திருந்தது.

ஓரம் கட்டினேன். "ஏன் அத்தை, வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா?"

"நீ ஆசையா போட்டுக்கினு வந்திருக்கறமா... நான் இன்னான்னு சொல்றது?"

மறுநாளே அவற்றைக் கழற்றச் சொன்னேன். ரேஸும் வேண்டாம் என்றேன். அத்தைதான் விடவில்லை.

"வேணான்னா ஆச்சா? ரெண்டுத்துக்கும் தோதா ஒண்ணு இல்லாமயா பூடும்? போய்த் தேடுங்கப்பா."

தேடினோம். சென்னையில் ஒரு பார்ட்ஸ் கடையில் அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய ஷாக்குகள் இரண்டு வகை இருந்தன. ஒன்றில், சக்கரம் மேடு ஏறும்போது எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஒரு குமிழ், இறங்கும்போது எவ்வளவு என்பதற்கு ஒரு குமிழ் என்று தனித்தனியாகத் திருப்பலாம். பார்க்கவே கம்பீரம். இன்னொன்றில் மேலே ஒரே ஒரு குமிழ். வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் இளகும்.

கடைக்காரர் முதல் வகையை என் பக்கம் தள்ளினார். "ரேஸுன்னா இதுதான் மேடம்."

"இத சரியா செட் பண்ண எத்தனை நாள் டிராக்ல ஓட்டிப் பாக்கணும்?"

"அது... நாலஞ்சு நாளாவது ஓடணும் மேடம்."

எனக்குக் கிடைப்பது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தவிர, அதன் கீழ்க் குமிழைத் திருப்ப ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஒற்றைக் குமிழை பானெட்டையும் டிக்கியையும் திறந்தே திருப்பிவிடலாம். கம்பீரத்தை விட்டுவிட்டு ஒற்றைக் குமிழை எடுத்தேன். சேகர் முகம் கொஞ்சம் வாடியது.

அடுத்த சனிக்கிழமை காலை, அத்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து தாமல் ரோட்டில் போனோம். முழுக்க இளக்கி வைத்து ஆரம்பித்தேன். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, குமிழை 'கிளிக்' என்று ஒரு படி இறுக்கி, மறுபடி ஓட்டம்.

"தூளி ஆட்ற மாதிரி இருக்குது. வயித்தப் பொரட்டுதுமா."

"இப்போ தேவலாம்."

"இது நல்லா இருக்குது... இதுக்கு மேல தொடாத."

நான் கேட்கவில்லை. இன்னொரு கிளிக் வைத்தேன்.

"ஐய, முட்டுதுமா! சொன்னேன்ல!"

ஒன்று குறைத்தேன். முன்னால் நான்கு கிளிக், பின்னால் மூன்று. எங்கள் ரோட்டுக்கான அளவை அத்தையின் முதுகு சொன்னது.

தகுதிச் சுற்று அன்று அவரும் வந்தார். டிராக் ஓரம் நாற்காலி, தலையணை, தலையில் துண்டு. சேகர் நாலு குமிழையும் கடைசி வரை இறுக்கினார். முதல் ஓட்டத்தில் மூன்றாவது வளைவின் மேட்டில் பின்சக்கரம் துள்ளித் துள்ளித் தரையை விட்டு எழும்பியது. வால் வெளியே போகப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன்... நேராக ஷெட்டுக்கு வந்தேன்.

"ஏங்க, பின்னாடி ரெண்டு கொறைங்க."

"கொறைச்சா ஆடாதா?"

"டயரு தரையில இருந்தாத்தான ஓட்ட முடியும்? கொறைங்க."

டிக்கியைத் திறந்து மூடும் நேரம்தான். திரும்பப் போனேன். அதே வளைவு, அதே மேடு. கார் ஒருமுறை அமுங்கி எழுந்து, கோடு போட்ட மாதிரி வெளியே வந்தது. ஹெல்மெட்டுக்குள் நான் கத்தியதில் எனக்கே காது அடைத்தது!

குறித்த நேரத்துக்கு இரண்டு விநாடி முன்னாலேயே வந்திருந்தேன். பலகையில் நான்காவது பெயர் என்னுடையது. வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்த ஷெட்காரர் ஏழாவது. அவரே வந்து, "எந்த ஷாக்கும்மா போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "அத நான் செலக்ட் பண்ணேன்பா" என்றார்.

சாயங்காலம் குமிழ்களை அத்தை சொன்ன அளவுக்குத் திருப்பி வீட்டுக்குக் கிளம்பினோம். ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை உட்கார்ந்தபடி தூங்கி நான் பார்த்ததே இல்லை. அன்று காஞ்சிபுரம் வரும்வரை தூங்கினார். எனக்கு அந்த நான்காவது இடத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

இன்று என் மகள் ஓட்டும் காரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் ஷாக் தானே இறுகுகிறது, தானே இளகுகிறது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அருமையான வண்டி. யாரும் இறங்க வேண்டாம், நிறுத்த வேண்டாம், பின்சீட்டில் இருப்பவரிடம் "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்கவும் வேண்டாம்...