சம்மாட்டியாரின் நாற்பத்தொரு இடங்கள்

சம்மாட்டியார் என் கடைக்குள் வந்து முதலில் செய்த வேலை, சுவரிலிருந்த இணையக் கேபிளைப் பிடுங்கியதுதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முல்லைத்தீவில் கணினி திருத்திப் பிழைக்கும் எனக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகுதான் கக்கத்தில் இடுக்கியிருந்த சொப்பிங் பையை அவிழ்த்தார். உள்ளே உப்புப் பிடித்த ஒரு ஜீபிஎஸ் கருவி. சொந்தப் படகு வைத்திருந்ததால் சம்மாட்டியார் எனப்பட்ட அவர், கடலடியில் பாறை கிடந்து மீன் கூடும் இடங்களை வருடக்கணக்காக அதில் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தார். நாற்பத்தொரு இடங்கள். திரை மங்கி எழுத்து மறைந்துகொண்டிருந்தது. அவற்றை ஒரு புதிய கருவிக்கு மாற்றாவிட்டால் அவருடைய தொழில் அதோடு சரி.

என் புதிய கணினி அந்தக் கருவியின் கேபிளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டும் பேசிக்கொள்ள நடுவில் டிரைவர் என்ற சின்ன மென்பொருள் வேண்டும். செய்தவர்கள் அதைப் புதிய விண்டோஸுக்கு ஏற்றபடி மாற்றாமல் எப்போதோ கைவிட்டிருந்தார்கள். இணையத்தில் தேடுகிறேன் என்றேன். அவ்வளவுதான், மனிதர் முகம் கறுத்துவிட்டது. அவருடைய பாறைகளை நான் இணையத்தில் ஏற்றி ஊருக்கே காட்டிவிடுவேனாம். இறக்குவது வேறு, ஏற்றுவது வேறு என்று விளக்கி என் வாய் உளைந்ததுதான் மிச்சம்.

"கதவைத் திறந்தா வாறதும் வரும், போறதும் போகும், பிள்ளை," என்றார்.

கடைசியில் அலுமாரிக்கு மேல் தூசி படிந்து கிடந்த பழைய மடிக்கணினியை இறக்கினேன். பழைய விண்டோஸ், இணையமும் இல்லை. கேபிளைச் செருகியதும் அது கருவியை அடையாளம் கண்டுகொண்டது. அந்தோனியார், செபஸ்தியார், சவேரியார் என்று இடங்கள் வரிசையாக வந்தன. வேறு யாருக்கும் விளங்கக்கூடாதென்று புனிதர்களின் பெயரை வைத்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எல்லாம் அவர் வாங்கி வந்திருந்த புதிய கருவிக்கு ஏறியதும், பழைய கருவியில் இருந்ததைத் தன் கண்முன்னே அழிக்கச் சொன்னார். வாசலில் நின்று, என் மெசினில் ஒன்றும் தங்கவில்லைத்தானே என்று கேட்டார். இல்லை என்றேன்.

பொய். எடுத்துப்போனவர் எல்லாம் சரி என்று வந்து சொல்லும்வரை ஒரு பிரதி வைத்திருப்பது என் வழக்கம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். வந்த நேரம் முதல் களவெடுப்பவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தவரிடம் சொல்ல வீம்பு விடவில்லை.

போன வருடம் காற்றில் அவருடைய படகு புரண்டது. கூடப்போன மகனைக் காப்பாற்றிவிட்டார்கள். அவரும் போனார், புதிய கருவியும் போனது. மகனுக்குக்கூட அவர் ஓரிடத்தையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சம்மாட்டியாரின் மகன் இப்போது இன்னொருவரின் படகில் கூலிக்குப் போகிறான் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. என் பொய் வெளியில் வரும் என்பது தெரிந்தும், பிரதியை அச்செடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

சம்மாட்டியாரின் மனைவி தாளை வாங்கி, புனிதர்களின் பெயர்களை விரலால் தடவிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"இவ்வளவு நாளும் இதை ஆராருக்குக் குடுத்தனீ, பிள்ளை?"

ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அவர் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "எங்கடை இடங்களிலை மற்றப் படகுகள் நிண்டது. பெடியன்தான் கருவியைக் களவாப் பாத்துச் சொல்லிப்போட்டான் எண்டு அந்த மனுசன் கடைசி மட்டும் இவனோடை கதைக்கேல்லை."

மகன் கதிரையில் தலையைக் குனிந்தபடி இருந்தான். ஒரே படகில், ஒரே வலையை இழுத்துக்கொண்டு, பேசாமல் எத்தனை நாள் போயிருப்பார்களோ! ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை என்றேன். நான் கொடுக்கவில்லை என்பது உண்மை.

வீடு திரும்பும் வழியில்தான் அந்த மடிக்கணினியை நினைத்தேன். பழைய கேபிளை அடையாளம் காணும் மெசின் இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அவர் கடைக்கு வந்துபோன பிறகு அதே மாதிரிக் கருவியோடு ஏழெட்டுப் படகுக்காரர் வந்தார்கள். எல்லாரையும் நானே அதன் முன் இருத்தி, இருங்கோ என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போயிருக்கிறேன். கடவுச்சொல் கிடையாது. பிரதி, திறந்த உடனே தெரியும் இடத்தில் கிடந்தது.

அந்தப் பெடியன் நிரபராதி என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். அந்த வீட்டுக்கு நான் இன்னும் திரும்பப் போகவில்லை.