இருண்ட திரைக்குள் ஒரு விண்ணப்பம்

காளவாசலில் டைப்பிங் சென்டர் வைத்திருந்தபோது, திரையும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். திரையை மட்டும் அணைக்க அதில் பொத்தான் கிடையாது. அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. மேதாவி நான் விடுவேனா?

பரவையிலிருந்து வந்த ஒரு அக்காவின் வேலை விண்ணப்பத்தை அப்போதுதான் அடித்து முடித்திருந்தேன். அன்றுதான் கடைசி நாள். "இப்பப் பாருங்கக்கா" என்று வித்தை காட்டினேன். திரை இருண்டது. வெளிச்சத்தை மறுபடி கொண்டுவரும் பொத்தானும் திரையில்தான், அந்த இருட்டுக்குள்ளேயே இருந்தது.

எதைத் தட்டியும் வெளிச்சம் வரவில்லை.

"அம்புட்டும் போச்சா தம்பி?" என்று அக்கா எழுந்து வந்தார்.

ஒன்றும் புரியாமல் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தேன்.

"பிடுங்காதீங்கண்ணே. உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேக்குதுல்ல, முதல்ல சேவ் பண்ணுங்க" என்றார், பெஞ்சில் காத்திருந்த பார்வையற்ற வாத்தியார் ஒருவர்.

"ஒண்ணுமே தெரியலையே சார், எப்படி?"

"எனக்கு என்னைக்குண்ணே தெரிஞ்சுச்சு?" என்று சிரித்தார். திரையைப் பார்க்காமலே கம்ப்யூட்டர் பழகியவர். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கீயாகத் தட்டினேன். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால், விண்ணப்பம் முழுசாக இருந்தது.

அந்தச் சாஃப்ட்வேரை அன்றே அழித்தேன். இப்போதும் எதிலாவது குழம்பி நின்றால், பிளக்கில் கை வைக்குமுன் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கிறேன்.