காப்பு கட்டிய பூசணி

சர்ச்சுக்கு வெளியே நான் மண்டி போட்டது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். ஓசூரில், நான் வேலை பார்த்த விதை கம்பெனி கேட்டுக்கு முன்னால், நடுரோட்டில். பண்ணைக்குப் புதுசாக வந்த பெண்கள் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

அப்போது நான் ஃபீல்டு சூப்பர்வைசர். வெண்பூசணியில் மொசைக் நோய் வந்தால் இலை சுருண்டு மஞ்சளாகிவிடும். அதைத் தாங்கி நிற்கிற ஒரு லைனை, அதாவது ஒரு விதை வம்சத்தை, எங்கள் டாக்டர் ஏழு வருஷமாகத் தேற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, புது ரகம் உருவாக்குகிற பிரீடர். அந்த சீசனில் பழ ஈ விழுந்து பிஞ்செல்லாம் உதிர்ந்துபோய், செல்ஃபிங் செய்த காய் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. பெண் பூவுக்கு முதல் நாளே கவர் மாட்டி, காலையில் அதே கொடியின் ஆண் பூவைத் தொட்டுவைத்து உண்டாக்கின காய். கலப்பில்லாத விதை அதற்குள் மட்டும்தான் இருந்தது. காம்பில் சிவப்பு நூல் கட்டி, முற்றட்டும் என்று ஸ்டோரில் வைத்தேன். சிவப்பு நூல் என்றால் விதைக்காய், தொடக்கூடாது என்று பண்ணையில் எல்லாருக்கும் தெரியும் என்று எனக்கு ஒரு மிதப்பு.

ஆயுத பூஜை அன்று வாட்ச்மேன் முனியப்பா திருஷ்டி சுற்ற ஒரு பூசணி கேட்டார். வேலை மும்முரத்தில் ஸ்டோர் சாவியைக் கொடுத்து, நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் பொரி வாங்க கேட்டுக்குப் போனால், குங்குமத்தோடு சிதறிக்கிடந்த துண்டில் என் சிவப்பு நூல்.

“முனியப்பாண்ணா, இந்தக் காய ஏன் எடுத்தீங்க?”

“நீங்கதான மேடம் காப்பு கட்டி ரெடியா வெச்சிருந்தீங்க? சர்ச்சுக்குப் போறவங்களுக்கு நம்ம சாமி மேல இவ்ளோ பக்தியான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

டாக்டரும் பொரி வாங்க அங்கேதான் வந்திருந்தார். திட்டவில்லை. பேண்ட்டை மடித்துக்கொண்டு ரோட்டில் குனிந்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தாலே தேவலை.

நல்லவேளை, விதை முற்றியிருந்தது. ஆனால் பக்கத்து கம்பெனிக்காரர்களும் தங்கள் பூசணியை அதே இடத்தில் உடைத்துவிட்டிருந்தார்கள். எது யார் விதை என்று தெரியாமல் மண்டி போட்டு எல்லாவற்றையும் பொறுக்கினோம். பூசணிக்குள் போட்ட சில்லறையைப் பொறுக்குகிறோம் என்று நினைத்து லாரிக்காரர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். முனியப்பா கன்னடத்திலும் தெலுங்கிலும் மாறிமாறி மன்னிப்புக் கேட்டபடி வண்டிகளை நிறுத்தினார்.

குங்குமத்தைக் கழுவி, அத்தனை விதையையும் நோய் பிடித்த பாத்தியிலேயே ஊன்றச் சொன்னார் டாக்டர். நோய் பரவுகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாமே சுருண்டு மஞ்சளாகிக் கிடந்தது. பதினோரு கொடி மட்டும் பச்சைப்பசேல்.

“சுருண்டதெல்லாம் பக்கத்து கம்பெனி. இதுங்க நம்ம பிள்ளைங்க,” என்றார் டாக்டர்.

வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். ரிஜிஸ்டரில் அந்த லைனுக்கு ‘கேட்’ என்றே பெயர் ஏறியது.

நமக்கு மட்டும் புரிகிற அடையாளத்தை நம்பாதீர்கள், பெண்களே. சாவி வாங்குகிறவருக்கும் புரிகிற மாதிரி எழுதி ஒட்டுங்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முனியப்பா ராயக்கோட்டை மார்க்கெட்டில் பூசணி வாங்கி, நேராக என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். “இதுக்கு வேற சொந்தபந்தம் இருக்கான்னு பாத்துச் சொல்லிடுங்க மேடம்.”

சாம்பல் பூத்த தோலில் விரலால் ‘உடைக்கலாம்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.