மூணாவது புள்ளி

எங்க ஆபீஸ்ல எனக்குக் கொடுத்திருக்கிற வேலை பொய் சொல்றது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

தூரத்து மலையில இருக்கிற டெலஸ்கோப்ல இருந்து எங்களுக்குப் படங்கள் வரும். எல்லாம் சின்ன வயசு நட்சத்திரங்கள். சின்ன வயசுன்னா எங்க கணக்குல ஒரு கோடி, ரெண்டு கோடி வருஷம். கூடவே பொறந்த கிரகம் ஏதாவது பக்கத்துல இருந்தா, அதுக்குப் பொறந்த சூடு இன்னும் ஆறியிருக்காது. அந்தச் சூட்டுலயே லேசா மினுங்கும். ஆனா நட்சத்திரத்தோட வெளிச்சம் நம்மளை அதைப் பார்க்க விடாது. அதனால ஒரு குட்டி வட்டத்தை வச்சு நட்சத்திரத்தை மறைச்சுட்டுத்தான் படமே எடுப்பாங்க. அப்படியும் ஓரமெல்லாம் வெளிச்சம் சிந்தும். சிந்தினதுல சிலது கிரகம் மாதிரியே புள்ளியா நின்னு ஏமாத்தும். நாங்க அதைச் 'சிந்தல்'னு சொல்லுவோம்.

அந்தப் படத்துக்குள்ள கம்ப்யூட்டர்ல நானா சில பொய்ப் புள்ளிகளை ஒளிச்சு வைக்கணும். படத்துல கிரகம் தேடுறவங்க கண்ணு எவ்வளவு கூர்மைன்னு தெரிஞ்சுக்க. ஒரு தடவை வச்ச புள்ளியை எடுக்க மறந்து தொலைச்சுட்டேன். புது கிரகம்னு ஆபீஸே ரெண்டு நாள் குதிச்சுது. ஆபீஸை நடத்துற மேடம் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாங்க. மூணாம் நாள் நானே போய் உண்மையைச் சொன்னேன். அன்னையில இருந்து என் பேரு கள்ளப்புள்ளி. கேக் செரிக்கிற வரைக்கும் யாரும் என்கிட்ட பேசலை.

எக்ஸ்ரே அக்கா எங்ககிட்ட வந்தப்ப அவங்களுக்கு நாற்பத்திமூணு வயசு. அதுக்கு முன்னாடி இருபது வருஷம் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தவங்க. புது மிஷின் வந்ததும் அங்கே ஆளைக் குறைச்சுட்டாங்க. வீட்டுல படுத்த படுக்கையா மாமியார், காலேஜ் போற மக, எல்லாத்துக்கும் இவங்க ஒருத்தர் சம்பளம். படத்துல புள்ளி தேடுற வேலைக்கு மேடம் ஆறு மாசத்துக்குத் தற்காலிகமா எடுத்தாங்க. கடைசியில ஒரு சோதனை. நாற்பது படம். நாலஞ்சு புள்ளி விட்டுப்போனாலும் மன்னிப்பு உண்டு, இல்லாததை இருக்குன்னு சொன்னா மட்டும் கிடையாது. தேறினா வேலை நிரந்தரம், இல்லேன்னா மாசக் கடைசியோட சரி.

அக்கா ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி கண்ணாடியைத் துடைப்பாங்க. அப்புறம் திரையில மூக்கு முட்டுற அளவுக்குக் குனிவாங்க. "திரையைக் கடிச்சுத் தின்னப் போறீங்களா?"ன்னு கேட்டா, "உன் பொய்யெல்லாம் கிட்டப் போனாத்தான்பா தெரியுது"ம்பாங்க.

விடைத்தாளை முதல்ல நான்தான் வாங்கிப் பார்த்தேன். அக்கா பிச்சு உதறியிருந்தாங்க. ஆனா முப்பத்தோராவது படத்துல மூணு புள்ளின்னு போட்டிருந்தாங்க. நான் வச்சது ரெண்டு.

மறுபடியும் ஏதாவது பழசை எடுக்க மறந்துட்டேனா? ஓடிப் போய், நான் கை வைக்காத அசல் படத்தைத் திறந்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தா, அவங்க சொன்ன இடத்துல லேசா ஒரு மங்கல். என் புள்ளி இல்லை. ஆனா அது நிஜமா, சிந்தலா? அந்த ஒரு படத்தை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. பத்துக்கு ஒன்பது சிந்தலாத்தான் போகும்.

டீ குடிக்கிற இடத்துக்கு அக்காவைத் தனியாக் கூப்பிட்டேன். "அக்கா, மூணாவதை அடிச்சிடுங்க. தாள் இன்னும் என்கிட்டதான் இருக்கு. நான் எதையும் பார்க்கலை."

"அது இல்லைன்னு உனக்கு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது. வேலை போயிடும்னு தெரியும்!"

அக்கா கப்பைக் கீழே வச்சாங்க. "ஆஸ்பத்திரியில ஒருத்தரோட நெஞ்சுப் படத்துல ஓரமா ஒரு நிழல் பார்த்தேன். டாக்டர்கிட்ட சொன்னேன். பிலிம் அழுக்கு, உன் வேலையைப் பாருன்னார். வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். ஆறு மாசம் கழிச்சு அதே மனுஷனைத் தூக்கிட்டு வந்தாங்கப்பா. படத்தை நான்தான் திரும்ப எடுத்தேன். நிழல் நெஞ்சு பூரா இருந்துச்சு. பார்த்ததைப் பார்க்கலைன்னு இனிமே சொல்ல மாட்டேன். நீ தாளை அப்படியே மேடம்கிட்ட கொடு."

எனக்கு அவமானமா இருந்தது. அந்த அவமானத்துல வந்த கோபத்தோட நேரா மேடம் அறைக்குப் போனேன். "மேடம், அசல் படத்துலயும் அது இருக்கு. அது நிஜமா இல்லையான்னு தெரியாம அக்காவை அனுப்பினா நானும் கிளம்பிடுவேன்"னு கத்திட்டேன். மேடம் நிதானமா, "கள்ளப்புள்ளி, உட்காரு. நீ போனா ஆபீஸுக்கு ஒண்ணும் குடி முழுகிடாது"ன்னாங்க. ஆனா படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு ஒரு முடிவு சொன்னாங்க. அடுத்த வருஷம் அதே நட்சத்திரத்தைத் திரும்பப் படம் எடுக்கிற வரைக்கும் அக்கா இருக்கலாம். புள்ளி நிஜமா இருந்தா நிரந்தரம். இல்லேன்னா அதுக்கு மேல ஒரு நாள்கூட இல்லை.

ஒரு வருஷம் எப்படித்தான் ஓட்டினாங்களோ. நான்தான் தேதியைக் கிழிச்சுக்கிட்டே இருந்தேன்.

படம் வந்த அன்னிக்கு அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க. "எது அந்தப் படம்னு எனக்குச் சொல்லாதே. தெரிஞ்சா கண்ணு தானா அந்த இடத்துக்குப் போய் ஆசைக்குப் பார்க்கும்." அதனால வேற ஒன்பது படத்தோட அதைக் கலந்தேன். நட்சத்திரத்தோட பேரை எடுத்தேன், படத்தையே ஒரு பக்கமாத் திருப்பி வச்சேன், வழக்கம்போல ரெண்டு பொய்யும் வச்சேன். என் தாள்ல மட்டும், அந்த மூணாவது புள்ளி வரக்கூடிய ரெண்டு இடத்துல வட்டம் வரைஞ்சுக்கிட்டேன். அந்த நட்சத்திரம் ஒரு வருஷத்துல வானத்துல மயிரிழை அளவு நகர்ந்திருக்கும். புள்ளி அதோட சொந்தம்னா, கூடவே நகர்ந்து அதே தூரத்துல நிக்கும். அது முதல் வட்டம். பின்னாடி எங்கேயோ இருக்கிற வேற நட்சத்திரம்னா கொஞ்சம் பின்தங்கி நிக்கும். அது ரெண்டாவது. சிந்தல்னா எதுலயும் இருக்காது.

காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சாங்க. கண்ணாடியைத் துடைச்சாங்க, குனிஞ்சாங்க. மேடம் வாசல்ல நின்னாங்க, உள்ளே வரலை. அந்தப் படம் ஏழாவது. அக்கா தாள்ல பென்சிலால ஒரு புள்ளியைக் குறிச்சாங்க, என்னோடது. இன்னொண்ணு, அதுவும் என்னோடது. அப்புறம் பென்சிலைக் கீழே வச்சுட்டாங்க. போச்சுடா சாமின்னு நினைச்சேன். கைக்குட்டையை எடுத்து மறுபடியும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, மூணாவதைக் குறிச்சுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி எட்டாவது படத்துக்குப் போயிட்டாங்க.

பத்தும் முடிஞ்சது. என் தாளை அவங்க தாள் மேல வச்சு, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன். முதல் வட்டத்துக்கு நட்ட நடுவுல இருந்தது அவங்க பென்சில் புள்ளி.

மேடம் வந்து தாளை என் கையில இருந்து பிடுங்கிப் பார்த்தாங்க.

அக்கா அதுக்குள்ள எழுந்து, சாப்பாட்டுப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னாங்க. "என்னப்பா, வாயில கொழுக்கட்டையா? கிளம்பட்டுமா நான்?"

மேடம்தான் அந்தப் பையைத் தோள்ல இருந்து கழட்டி, நாற்காலி முதுகுல திரும்ப மாட்டினாங்க.