கஜு இல்லாத வட்டிலாப்பம்

கட்டுகஸ்தோட்டையில் ரிப்கா என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அவள் கேட்கும் கேள்விகள்தான். கண்டி நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கண் சோதிக்க வந்தவர் எழுத்துப் பலகையை வாசித்து முடிப்பதற்குள் அவருடைய ஊர் எது, தொழில் என்ன, தலையிடி எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். வம்பளக்கிற குணம் அவளுக்கு இல்லை. ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் தன் கல்யாணத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கல்யாணம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகி, கடலுக்கு அப்பாலிருந்து ஓர் அதிகாரி கேட்ட பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

மாப்பிள்ளை ஸிபான் அக்குறணைக்காரன். படிக்கவென்று அவுஸ்திரேலியாவுக்குப் போய், மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலையில் சேர்ந்து, அந்த நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்டவன். விடுமுறையில் வந்து ரிப்காவைக் கல்யாணம் முடித்தான், சில வாரங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டில் இருந்தான், திரும்பிப் போனான். அவனிடம் போய்ச் சேர்வதற்கான விசா விண்ணப்பம் அன்றிலிருந்து ரிப்காவுக்கு இரண்டாவது உத்தியோகமாயிற்று. பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க வேண்டும், பொலிஸ் அறிக்கை எடுக்க வேண்டும், மருத்துவச் சோதனைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். அரசாங்க அலுவலகமான கண்டிக் கச்சேரியில் எந்தக் கதிரை ஆடும், எந்த யன்னலில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் இருக்காது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

இருவரும் உண்மையிலேயே கணவன் மனைவிதான் என்பதற்கு ஆதாரமும் கேட்டார்கள். அவளும் ஸிபானும் வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதையெல்லாம் அச்செடுத்துப் பார்த்தாள். சாப்பிட்டீங்களா, அங்க மழையா, உம்மாக்குக் காய்ச்சல் விட்டிச்சா என்று பக்கம் பக்கமாக இருந்தது. காதல் என்று சொல்லத்தக்க ஒரு வரியைத் தேடிக் களைத்துப்போனாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, இதையெல்லாம் உட்கார்ந்து வாசிக்கப்போகிற ஆள் யார் என்று அறிகிற ஆவல்தான் அவளை அரித்தது. ஆணா, பெண்ணா? கல்யாணம் முடித்தவரா? உம்மாவின் காய்ச்சல் விட்டதா இல்லையா என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பாரா?

விண்ணப்பம் போனது. பிறகு காத்திருப்பு. விசா வரும்வரைக்கும் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டாள். புதுச் சப்பாத்து வாங்கவில்லை, கடையில் கொடுக்க வந்த பதவி உயர்வையும் ஏற்கவில்லை. ஸிபானுக்கு அடுத்த விடுமுறையும் கைகூடவில்லை. ஊரில் கண்ட இடமெல்லாம் "எப்ப பயணம்?" என்று கேட்டார்கள். உலகத்தையே கேள்வி கேட்டவளுக்கு ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வது எப்படியிருக்கும் என்று அப்போது விளங்கியது.

சொந்தக்காரர் கூடினால் இன்னொரு கதையும் எழும். ரிப்காவின் கல்யாண விருந்தில் இனிப்பாக வைத்த வட்டிலாப்பத்தில் கஜு, அதாவது முந்திரிப்பருப்பு, இல்லை. தேங்காய்ப் பாலும் முட்டையும் கித்துள் கருப்பட்டியும் அப்படியே ஒழுங்காக இருந்தன. ஆனால் மேலே ஒரு துண்டுக் கஜுவைக்கூடக் காணவில்லை. கண்டிப் பக்கத்தில் கல்யாண வீட்டு வட்டிலாப்பம் கஜு இல்லாமல் வந்தால் அதைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். உம்மாவின் தம்பி ஃபாஸில் மாமா, "ரஸீன் மச்சான் மகளையே குடுத்தாரு, கஜுவ மட்டும் குடுக்கல்ல" என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் சொல்லிச் சிரிப்பார். பாலத்தடியில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் வாப்பா ரஸீன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருப்பார்.

காரணம் வாப்பாவுக்கும் ரிப்காவுக்கும் மட்டும்தான் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று ஸிபான் தன் பீங்கானிலிருந்த கஜுவையெல்லாம் ஓரமாக ஒதுக்கியதை ரிப்கா கண்டுவிட்டாள். கண்டால் சும்மா இருப்பாளா? நிச்சயமான பிறகு போனில் கேட்டாள். கஜு பட்டால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும் என்றான். கல்யாணத்தன்று அதை வாப்பாவிடம் சொன்னாள், வாப்பா சமையல்காரரிடம் சொன்னார். மாப்பிள்ளைக்கு ஏதோ நோய் வருத்தம் என்று ஊர் கதை கட்டிவிடும், வாயைத் திறக்காதே என்று மகளை எச்சரித்தார். கஞ்சன் என்ற பெயரைத் தானே சுமந்துகொண்டார்.

காத்திருப்பு ஊறிப் பழகிவிட்ட ஒரு நாளில்தான் விசா அதிகாரியின் அந்த மின்னஞ்சல் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் ஷிராஸ் அதை வாசித்துப் பொருள் சொன்னான். கல்யாணச் சான்றிதழில் மாப்பிள்ளையின் கையெழுத்து இருக்கிறது, பெண்ணின் தகப்பன் கையெழுத்து இருக்கிறது, சாட்சிகள் கையெழுத்தும் இருக்கிறது. பெண்ணின் கையெழுத்து எங்கே? நிக்காஹ் படங்களிலும் பெண்ணைக் காணவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு அவர் சம்மதித்தார் என்பதை, எங்கே, எப்போது, எப்படி என்று விளக்கி ஆதாரத்துடன் தெரிவிக்கவும்.

ஷிராஸுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. முஸ்லிம் கல்யாணப் பதிவில் பெண்ணுக்குப் பதிலாக வலி, அதாவது பொறுப்பாளர், என்ற முறையில் தகப்பன் கையெழுத்து வைப்பதுதான் வழமை. பெண் வீட்டில் இருப்பாள், நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும். வெளிநாட்டானுக்கு அதெல்லாம் விளங்காது என்றான். பெண்ணும் பள்ளியில் இருந்தாள், வாய்விட்டுச் சம்மதம் சொன்னாள் என்று தானே ஒரு கடிதம் எழுதித் தருவதாகவும், சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும் என்றும் சொன்னான். இதில் பிசகினால் விசா மறுக்கப்படும், முதலிலிருந்து எல்லாம் தொடங்க வேண்டும், இன்னும் எத்தனை வருடம் என்று யாருக்குத் தெரியும் என்று பயமும் காட்டினான்.

அந்தப் பொய் மிகவும் இலேசாக இருந்ததுதான் ரிப்காவைப் பயமுறுத்தியது. ஒரு வாரம் பொறுக்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். பயத்துக்குப் பின்னால் வேறொன்றும் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. அந்த அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி. தான் எப்போது சம்மதித்தாள்?

கல்யாணப் படங்களைக் கட்டிலில் பரப்பினாள். பள்ளிப் படங்களில் வெள்ளைத் தொப்பியோடு ஆண்கள், வீட்டுப் படங்களில் மருதாணிக் கையோடு பெண்கள். வேறு வேறு ஊரில் நடந்த இரண்டு கல்யாணங்கள் மாதிரி இருந்தன. இரவு மண்டபத்தில் இருவரும் சேர்ந்து நின்ற படங்கள் இருந்தன, ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. உம்மா கைரியாவிடம், நிக்காஹ் முடிந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டாள். உம்மா யோசித்துப் பார்த்து, சாரிக்குப் பின்னூசி குத்திக்கொண்டு நின்றாய், போன் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும் என்றார்.

அடுத்து ஃபாஸில் மாமாவிடம் போனாள். பெண்ணிடம் சம்மதம் கேட்க வாப்பா வந்தபோது கூட வந்த இரண்டு சாட்சிகளில் அவர் ஒருவர். நீ தலையாட்டினாய் என்று அடித்துச் சொன்னார். மற்றச் சாட்சியான பக்கத்து வீட்டு ஹாஜியார், தலையாட்டியதைக் காணவில்லை, கதவடியில் கூட்டம், பெண்ணின் முக்காடுதான் தெரிந்தது என்றார். ரிப்காவுக்கு ஒன்று மட்டும் நன்றாக நினைவிருந்தது. வாப்பா கேட்டார். அறை முழுக்கப் பெண்கள் அவள் வாயையே பார்த்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மாமாவின் போனில் பள்ளியில் எடுத்த ஒளிப்பதிவு இருந்தது. வாப்பா ஸிபானின் கையைப் பிடித்திருக்கிறார். ஸிபான் ஒலிவாங்கியில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிறான், நடுவில் தொண்டை கம்மி ஒருதரம் இருமுகிறான். ஊரே கேட்ட அந்தக் குரலை மனைவி ஒரு வருடம் கழித்துக் கேட்டாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அவ்வளவு பயந்தா போயிருந்தார் மனுசன் என்று அவன்மேல் பாசம் பொங்கியது. அவன் சொன்னதற்குச் சாட்சி இத்தனை பேர். அவள் சொன்னதற்கு ஒருவரும் இல்லை.

கடைசியில் மிஞ்சியவர் வாப்பா. அவரிடம் கேட்கத்தான் அவளுக்குத் தயக்கம். அவர் பதில் சரியில்லாவிட்டால் ஷிராஸின் பொய்யைத் தவிர வேறு வழியில்லை. அதைவிட, மகள் வாய் திறக்காமலே வாப்பா அவளைக் கொடுத்துவிட்டார் என்றாகிவிடும். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"வாப்பா, அண்டைக்கு நீங்க கேட்டதுக்கு நான் என்ன சென்னேன்?"

"ஒண்டும் செல்லல்ல."

அவளுக்கு முகம் விழுந்தது. வாப்பா பல்லுக்குத்தும் குச்சியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"கொமர்ப்புள்ள சும்மா ஈந்தாச் சம்மதந்தான் எண்டு நிக்காஹ் ஓத வந்த லெப்பை சென்னாரு. அவருக்குப் போதும். எனக்குப் போதல்ல மகள். பள்ளில எல்லாரும் காத்துக்கொண்டு ஈக்கிறாங்க, நான் படியில மெதுவா எறங்கினேன். கீழ் படி வாறதுக்குள்ள திரும்பி ஏறிப் பெய்த்து, எல்லாப் பொம்புளைகளையும் வெளிய போட்டுட்டு உங்கிட்ட தனியக் கேக்கணும் எண்டு நெனச்சேன். அப்பதான் நீ பின்னால ஓடி வந்த."

ரிப்காவுக்கு அந்தப் படி நினைவு வந்தது. கையில் மருதாணி, காலில் செருப்பில்லை.

"நீ வந்து, 'வாப்பா, வட்டிலாப்பத்துல கஜு போட வேணாம், அவருக்கு மூச்சடைக்கும்' எண்டு சென்ன. எல்லாரும் உன்னயப் பாக்கிறாங்க எண்டும் உனக்கு நெனவில்ல. அதுக்குப் பொறகு நான் ஒண்டும் கேக்கல்ல. நேராப் பள்ளிக்குப் பெய்த்துக் கையெழுத்து வெச்சேன்."

கஜு விஷயத்தை அவள் மறந்திருக்கவில்லை. கல்யாண நாளின் ஆயிரம் வேலைகளில் ஒன்று என்று நினைத்திருந்தாள். அவள் வீடு வீடாகத் தேடித் திரிந்த பதில் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வாப்பாவின் முன்னால் அழக்கூடாது என்று எழுந்து பீங்கான்களை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள், அங்கே போய் அழுதாள்.

நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதி ஷிராஸிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். விசாப் பகுதிக்கு யாராவது வட்டிலாப்பக் கதை எழுதுவார்களா, அது என்ன பண்டம் என்றே அவர்களுக்குத் தெரியாதே என்றான். அப்படியானால் அது என்ன என்று ஒரு வரி சேர்த்துவிடு என்றாள். மாமாவும் ஹாஜியாரும் அவள் படிக்கு ஓடிவந்ததைத் தாங்களும் கண்டதாகத் தனித்தனியே எழுதிக் கொடுத்தார்கள். காரணம் தெரிந்த மாமா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

கடிதத்தின் அடியில் ரிப்கா கையெழுத்து வைத்தாள். கூட வந்திருந்த வாப்பா, எங்கே வைப்பது என்று ஷிராஸைக் கேட்டார். சாட்சி என்ற இடத்தை அவன் காட்டினான். மகளின் கையெழுத்துக்குக் கீழே வாப்பா தன்னுடையதை வைத்தார். மை காயும்வரை இருவருமே அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன எழுதினாய் என்று ஸிபான் போனில் கேட்டபோது, கேட்டதற்குப் பதில் எழுதினேன் என்று மழுப்பிவிட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் எப்ப பயணம். மழைக்காலம் வந்து மகாவலி கலங்கி ஓடிய நாட்களில், கடையில் ஒருவருக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. விசா கிடைத்துவிட்டது. வட்டிலாப்பத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதை வாசித்தவர் சிரித்தாரா, தன் வீட்டில் யாரிடமாவது சொன்னாரா என்பது அவளுக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. அந்தக் குறை ஒன்று மட்டும் அவளுக்கு மிஞ்சியது.

அன்று ஸிபான் விடவில்லை. அவர்கள் நம்பும்படியாக அப்படி என்னதான் எழுதினாய் என்று பிடித்த பிடியில் நின்றான். கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினாள்.

"கஜு வேணாமெண்டு எங்கட உம்மா செல்லீப்பாங்க எண்டுதான் இவ்வளவு நாளும் நெனச்சேன்" என்றான் ஸிபான். குரல் கம்மியிருந்தது, அந்த ஒளிப்பதிவில் கேட்ட மாதிரியே. "சின்னதுல இருந்து நான் எந்தக் கல்யாணத்துலயும் வட்டிலாப்பத்தத் தொட்டதில்ல. அண்டைக்கு மூணு தரம் எடுத்தேன்."

ரிப்காவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்பிடி ஈந்திச்சு?"

"எல்லாரும் ஏதோ குறையெண்டு செல்லிக்கொண்டு ஈந்தாங்க. எனக்கு ஒரு குறையும் தெரியல்ல."